அன்று அவள் பெரட்டுக்குப் போனாளா?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, ரவிக்கை, திருநாள் நெருங்கினால் கோவில் பீடத் துணி. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். முப்பது வருடமாகச் சிறுகதை எழுதி வருகிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் சிலர் கடைக்கு வந்து, "நம்ம விசுவாசத்தை வெச்சுக் கதை எழுதணும், எப்படி ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என் முதல் கதையைச் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கும், லூர்து என்ற பெண். அவள் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். அந்தோணியார் கெபிக்கு, சுரூபம் வைத்த அந்தச் சின்னக் குகைக் கோவிலுக்கு, ஓடுகிறாள், முழங்காலில் நின்று அழுகிறாள், சுரூபத்திலிருந்து ஓர் ஒளி வருகிறது. விடிந்தால் காய்ச்சல் இல்லை. அதைப் பார்த்த குடிகாரப் புருஷன் போத்தலை உடைத்துப் போட்டுவிட்டு ஞானஸ்நானம் பெறுகிறான். ஆறு பக்கம். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

அதை நான் பிறந்த தோட்டத்தில் உபதேசியாராக இருந்த தாத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் காலத்தில் பாதர் மாதத்துக்கு ஒரு முறைதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்காருவது எல்லாம் உபதேசியார்தான். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு பக்கத்தையும் வாசித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு அவ பெரட்டுக்குப் போனாளா?"

பெரட்டுக்கு, தோட்டத்து ஆட்களை விடிகாலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, அவள் போனாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதை யோசித்திருக்கவே இல்லை. தாத்தா தாளை மடித்துக் கையில் கொடுத்தார். "அது தெரியாம அந்தோணியார் எந்த வீட்டுக்கும்மா வருவாரு?"

நான் கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவுதான். மீதி எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. போவதென்றால் பிள்ளையை யாரிடம் விடுவது? காய்ச்சல் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டால் மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டிவிடும் என்று ஆயா திருப்பி அனுப்பிவிடலாம். அப்படியென்றால் ஒன்பது வயது மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வாத்தியார் ஆள் அனுப்புவார். பெயர் கூப்பிடும் இடத்தில் 'உள்ளேன்' என்று சொல்வதற்குள் இவ்வளவு கணக்கு அவள் மனதுக்குள் ஓடியிருக்க வேண்டும். நான் எழுதிய லூர்துவுக்குக் கணக்கே இல்லை. அழுவதும் ஜெபிப்பதும்தான் அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு பெண்ணை எந்தத் தோட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆகவே என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் வேலை இது. உங்கள் கதாபாத்திரம் ஜெபிக்கும் இடத்தை எழுதாதீர்கள். ஜெபிக்கப் போவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தாள், அடுப்பில் என்ன இருந்தது, கையில் எவ்வளவு காசு மிச்சம், யாரிடம் கடன், எந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். இரண்டு பக்கம் எழுதுங்கள். கதையில் அது வராமல் போகலாம், பரவாயில்லை. அதை எழுதிய கைக்கு அடுத்து வரும் ஜெபத்தைப் பொய்யாக எழுத வராது.

பொருளிலிருந்து தொடங்குங்கள்

நம் திருச்சபை நமக்குக் கற்றுக் கொடுத்த வழியும் இதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீர் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை. எண்ணெய் இல்லாமல் நோயில் பூசுதல் இல்லை. கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் இல்லாமல் பூசை இல்லை. தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் முடிகிற ஒன்றின் வழியாகத்தான் கடவுள் வருகிறார் என்று நாம் நம்புகிறோம். கதை எழுத உட்கார்ந்ததும் மட்டும் ஏன் 'அருள்', 'ஒளி', 'சாந்தி' என்று காற்றில் எழுதுகிறோம்?

நம் ஊரில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. விடியலுக்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். அதனால்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் போனார்கள் நம் அம்மாமார்கள். மழை பெய்தால் வெட்ட முடியாது. மரத்தில் வழிகிற தண்ணீர் பால் பிடிக்கும் மங்குக்குள் இறங்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், மறுபடி அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஒருத்தி என்றோ ஒரு நாள் அவசரத்தில் செய்த தப்பு வருடக்கணக்காக மரத்தில் தெரியும். பாவத்தைப் பற்றி எழுத நினைக்கிற எழுத்தாளருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? விளக்கவே தேவையில்லை. மரத்தைக் காட்டினால் போதும்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கும் அப்படியே. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை போகாது. சனிக்கிழமை மாலை குலை வெட்டிவிட்டான், லோரி வரவில்லை. ஞாயிறு காலை பூசையா, குலையா? கத்தோலிக்கருக்கு ஞாயிறு பூசை கடமை. வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் கடமை. இரண்டு கடமைகளுக்கு நடுவே நிற்கிறவனை எழுதுங்கள். நல்லவன் கெட்டவன் என்று பிரித்து எழுதுவதைவிட இது கடினம், ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

பெரிய சரித்திரத்தை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். 1948 ஜூன் 16-இல் எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் வெள்ளைக்கார துரைமார்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. எங்கள் ஊர் பெயரைச் சரித்திரப் புத்தகத்தில் போட்டது அந்த நாள்தான். பாட்டிக்குத் தேதி ஞாபகமில்லை. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று தோட்ட வாசலில் சோதனை போட்டதும், தான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியதும்தான் ஞாபகம். அந்தப் பாட்டிதான் தினமும் இரவில் 'எங்கள் அன்றாட உணவை' என்று ஜெபித்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கதை தானாக எழும். துப்பாக்கிச் சத்தத்தில் தொடங்க வேண்டியதில்லை.

கடைசிப் பத்தியை எடுத்துவிடுங்கள்

நம்மவர்கள் எழுதும் கதைகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு முடிவில்தான் இருக்கிறது. முடிச்சைப் போடத் தெரிகிறது, அவிழ்க்க வேண்டிய இடத்தில் மாதாவையோ அந்தோணியாரையோ கூப்பிட்டுவிடுகிறோம். புதுமை, அதாவது அற்புதம், நடக்காது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலேயே நடந்திருக்கிறது, அதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் வாழ்க்கையில் நடந்த புதுமைக்குச் சாட்சி இருக்கிறது, கதையில் நடக்கும் புதுமைக்கு எழுதுகிறவரின் ஆசை மட்டும்தான் சாட்சி. வாசகருக்கு அது உடனே தெரிந்துவிடும். கதையில் புதுமை வர வேண்டுமென்றால் தொடக்கத்தில் வரட்டும், அது வந்ததால் குழப்பம் உண்டாகட்டும். பிள்ளை பிழைத்துவிட்டது, நேர்த்திக்கடனாகக் கடைசி நகையையும் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள், இப்போது புருஷனிடம் என்ன சொல்வாள்? இது கதை.

எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை கதை அதற்கு முந்தைய வரியிலேயே முடிந்திருக்கும். மறைத்த பத்தியில் 'அவளுக்குப் புரிந்தது', 'மனம் லேசானது' போன்ற வரிகள் இருந்தால் தயங்காமல் வெட்டுங்கள். துணியை வெட்டும்போதுகூட எனக்குக் கை நடுங்கும், பத்தியை வெட்ட இப்போது நடுங்குவதில்லை.

மதம் மாறி முடிகிற கதையும் வேண்டாம். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோவிலுக்கும் அந்தோணியார் கெபிக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறோடு வருவார்கள். ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாளுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போகும் பஸ்ஸிலும் அப்படியே. அவர்கள் அவர்களாகவே வந்து, அவர்களாகவே திரும்பிப் போகிறார்கள். கதையில் மட்டும் அவர்களைக் கடைசிப் பக்கத்தில் முழுக்காட்டி அனுப்புவது அவர்கள் வைத்த நம்பிக்கையை அவமதிப்பது. தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் சபைக்காரர். அவர் நாயகன் ஒரு தொண்டைமண்டல முதலியார் வீட்டுப் பிள்ளை, நாயகி ஞானாம்பாள் ஆண்வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதியவரும் அவரே. நம்மில் மூத்தவர் அப்படித் தொடங்கி வைத்திருக்கிறார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாடும்போது யூதேயாவையே தமிழ் நிலமாக, வயலும் ஆறுமாக வர்ணித்தார். நாம் தோட்டத்தில் பிறந்துவிட்டு, வத்திக்கான் படத்தில் பார்த்த பளிங்குத் தூணை வர்ணிக்கலாமா?

பேச்சு

வசனத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் கோவில் வாசலில் பூசை முடிந்ததும் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். எழுபது வயதுக்காரர் 'பூசை கண்டேன்' என்பார், 'பாவசங்கீர்த்தனம்' என்பார். அதே பூசையையும் பாவ அறிக்கையையும் அவர் மகள் 'திருப்பலி', 'ஒப்புரவு' என்பாள். பேரன் 'மாஸ்' என்பான், அடுத்த வாக்கியத்தில் மலாய் கலந்துவிடும். எண்பதைத் தாண்டியவர்கள் சிறுவயதில் கேட்ட பூசை லத்தீனில் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பீடத்தில் தமிழ் கேட்டது. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை ஒரே காரியத்துக்கு மூன்று வார்த்தை வைத்திருக்கிறது. யார் எதைச் சொல்கிறார் என்று சரியாக எழுதினால் வயதையும் படிப்பையும் தனியாக வர்ணிக்க வேண்டாம்.

பாதரை எழுதும்போது கவனம். நம் கதைகளில் அவர் வாயைத் திறந்தாலே பிரசங்கம். பாதருக்குப் பல் வலிக்கட்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கட்டும். தமிழ் சரியாக வராத சீனப் பாதராக இருக்கட்டும், வாசகத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்து வாசிக்கட்டும். அப்படி ஒருவர் எங்களுக்கு இருந்தார். சாவு வீட்டில் அவர் தப்பும் தவறுமாகச் சொன்ன தமிழ் ஜெபத்துக்கு அழுத அளவுக்கு வேறு எதற்கும் நாங்கள் அழுததில்லை.

எதை எழுதக் கூடாது

இதை மெதுவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தப்பு செய்திருக்கிறேன். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு அக்கா தன் மகனைப் பற்றி அழுதுகொண்டே சொன்னதை நான் கதையாக்கிவிட்டேன். பெயரை மாற்றினேன், மகனை மகளாக்கினேன். ஒரு ஞாயிறு மலரில் வந்தது. அவர் வாசித்துவிட்டார். சண்டை போடவில்லை, கேள்வி கேட்கவில்லை, அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவே இல்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "எழுதுனது நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். அந்த வார்த்தை இன்றும் எனக்குள் கிடக்கிறது.

சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஜெபத்துக்காகச் சொல்லப்பட்டது ஜெபத்தோடு நிற்க வேண்டும். பாதர் ஒப்புரவில் கேட்டதை உயிர் போனாலும் சொல்லக் கூடாது என்பது சபையின் சட்டம். நமக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆனாலும் அதன் நிழல் நம்மீதும் விழ வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பாவத்தைப் பற்றி எதை வைத்து எழுதுவது? உங்களுடையதை வைத்துத்தான். ஒப்புரவுக்குப் போகுமுன் ஆத்துமசோதனை செய்கிறோமே, அதை எழுத்துப் பயிற்சியாகச் செய்து பாருங்கள். 'பொறாமைப்பட்டேன்' என்று எழுதாதீர்கள். எந்த நாள், யார் வீட்டு வாசலில், அவள் கட்டியிருந்த சேலை என்ன நிறம், நீங்கள் சிரித்துக்கொண்டே என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். பிறகு அதை வேறு ஊரில் வேறு ஆளிடம் கொடுங்கள். தாளைக் கிழித்துப் போடுங்கள். உணர்ச்சி மிஞ்சும், ஆள் தெரியாது.

நேரமும் வாசிப்பும்

காலண்டர் நமக்கு ஒரு பெரிய உதவி. போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல்தான் இந்த வருடம் சாம்பல் புதனன்று நெற்றியில் படுகிறது. ஒரு வீட்டுக் குருத்து ஞாயிற்று ஓலை, மாதா படத்துக்குப் பின்னால் வருடம் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கிறது. அதற்குள் அந்த வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். சாம்பலுக்காக ஓலைகளைத் திரும்பக் கேட்கிறார்கள், அவர் மடித்த ஓலையை அவள் கொடுப்பாளா? நவம்பர் 2 கல்லறைத் திருநாள், தவக்காலத்து நாற்பது நாள், செப்டம்பர் 8 மாதா திருநாளுக்கு முந்தைய கொடியேற்றம், எல்லாமே கதைக்கு ஏற்கெனவே குறித்து வைத்த கெடு நாட்கள். 'சில மாதங்கள் கழித்து' என்று எழுதும் இடத்தில் இவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

வாசிப்பைப் பற்றிச் சிலருக்கு ஒரு தயக்கம் உண்டு, பக்தி நூல் மட்டும்தான் வாசிக்கலாமோ என்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில் இலக்கிய வாசிப்பைப் பற்றியே ஒரு கடிதம் எழுதினார். 1964-65இல் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபேயில் இயேசு சபைப் பள்ளியில் இலக்கியம் கற்பித்ததை அதில் சொல்கிறார். பாடத்திட்டத்தில் இருந்த பழைய காவியம் மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களை எடுத்தாராம். அதனால் நீங்கள் பிடித்ததிலிருந்து தொடங்குங்கள். நம் நாட்டுத் தமிழ்ச் சிறுகதைகளைக் கட்டாயம் வாசியுங்கள். தோட்டத்து லய வீடுகளையும் பால் ஸ்டோரையும் பெரட்டையும் எழுதக் கற்றுக்கொடுக்க அவற்றை எழுதியவர்களைவிட்டால் ஆளில்லை.

எழுதும் நேரம் உங்கள் வசதி. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பண்ணை வீட்டில் வாழ்ந்த கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் லூபஸ் நோயோடு தினமும் காலையில் எழுத உட்கார்ந்தார். 1964-இல் 39 வயதில் இறந்தார். எனக்குக் கடை திறக்குமுன் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் கிடைக்கும், அதில் அரைப் பக்கம் வந்தாலும் நல்ல நாள்.

எழுதியதை யாரிடம் காட்டுவது? பங்கில் உள்ளவர்களிடம் காட்டினால் அந்தோணியார் பெயரைப் பார்த்ததுமே 'நல்லா இருக்கு' என்பார்கள். நம் சபை அல்லாத ஒருவரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எனக்கு அடுத்த பூக்கடை அக்கா. மாலை கட்டிக்கொண்டே கேட்பார். கை நிற்காமல் கட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

லூர்து கதையைப் பல வருடம் கழித்து மறுபடி எழுதி அவரிடம்தான் வாசித்தேன். இந்த முறை லூர்து பெரட்டுக்குப் போகிறாள். மூத்தவளைக் காவல் வைத்துவிட்டுப் போனதால் மனம் வீட்டில் இருக்கிறது, கை அவசரப்படுகிறது, மூன்று மரத்தில் உளி ஆழமாக இறங்கிவிடுகிறது. மேற்பார்க்கும் மண்டோர் பார்க்கவில்லை, அவள் பார்த்துவிட்டாள். திரும்பும் வழியில் கெபியில் மெழுகுவர்த்தி எடுக்கிறாள், உண்டியலில் போட இருபது காசு இல்லை. அப்புறம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏற்றுகிறாள். சம்பள நாளன்று முதல் வேலையாக வந்து இருபது காசைப் போடுகிறாள். காசு உள்ளே விழும் சத்தத்தோடு கதை நின்றுவிடும். ஒளி இல்லை. புருஷன் புருஷனாகவே இருக்கிறான்.

அக்கா கை நின்றிருந்தது. "பிள்ளை பொழைச்சிச்சா?" என்றார்.

எழுதவில்லை என்றேன். கோபித்துக்கொண்டார். "நீ ஒரு அம்மா, இதக்கூட எழுதாம விட்டுட்டியே" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கெபியில் அவரைப் பார்த்தேன். இரண்டு மெழுகுவர்த்தி எடுத்தார், உண்டியலில் இரண்டுக்கும் காசு போட்டார். ஒன்றைத் தன் வழக்கமான இடத்தில் ஏற்றினார். இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளி ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார்.